வரைபட ஓரத்தில் வந்திறங்கும் மூட்டைகள்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டு ஐந்து வாரங்கள் ஆகின்றன. மேசை முழுக்க பர்மா விரிந்து கிடக்கிறது. மலை, காடு, ஆறு என்று அறுகோணக் கட்டங்கள் அச்சிட்ட பெரிய வரைபடத்தின் மேல் கட்டைவிரல் நகம் அளவில் நூற்றுக்கணக்கான அட்டைச் சில்லுகள். மின்விசிறியை வேகமாகப் போட்டால் ஒரு படைப்பிரிவு பறந்துவிடும். அதனால் ஹவ்காங் வெயிலில் விசிறியை ஒன்றாம் எண்ணில் வைத்துக்கொண்டு, மடியில் தட்டை ஏந்தி, சோபாவில் சாப்பிடுகிறோம். அம்மா இரண்டு முறை எச்சரித்துவிட்டார்.

விளையாட்டின் பெயர் ‘பர்மா’. டீன் எசிக் உருவாக்கிய ‘ஆபரேஷனல் காம்பாட் சீரிஸ்’ என்ற போர் விளையாட்டு வரிசையைச் சேர்ந்தது. விதிப் புத்தகமே ஒரு பாடநூல் போல இருக்கும். அண்ணன் பிரிட்டன் பக்கம், நான் ஜப்பான் பக்கம். ஒரு சுற்று என்றால் போர்க்களத்தில் அரை வாரம். எங்களுக்கோ ஒரு சுற்றை முடிக்க ஒரு சனிக்கிழமை மாலை போதவில்லை.

முதல் ஆட்டத்தில் நான் படுதோல்வி அடைந்தேன். சண்டையில் தோற்றிருந்தால்கூடப் பெருமையாகச் சொல்லியிருப்பேன். என் படைகள் சிந்துவின் ஆற்றைக் கடந்து மலையேறி, இம்பாலுக்குப் பக்கத்தில் போய் நின்றன. அடுத்த சுற்றில் தாக்கலாம் என்று கையைத் தூக்கினேன்.

“எதை வச்சுத் தாக்குவ?” என்று கேட்டார் அண்ணன்.

என் சில்லுகளுக்குப் பின்னால் ஒரு துளி விநியோகம்கூட இல்லை. விதிப்படி தாக்க முடியாது. அதற்கடுத்த சுற்றில் சாப்பாடும் இல்லை என்பதால் பகடை உருட்டச் சொன்னார். ஒவ்வொரு பகடைக்கும் ஒரு சில்லு மேசையை விட்டு இறங்கியது. அண்ணன் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

அண்ணன் தேசிய சேவையில் ஸ்டோர்மேனாக இருந்தவர். நண்பர்கள் துப்பாக்கி, கவச வாகனம் என்று கதை சொல்லும்போது இவர் பேட்டரி, காலணி, தண்ணீர்க் கலன் எண்ணிய கதையைச் சொல்வார். நாங்கள் சிரிப்போம். அன்று அவர் சிரித்தார்.

பாதையா, இருப்பா?

பலகையில் ஆடும் போர் விளையாட்டுகளில் விநியோக விதிகளைப் பொதுவாக இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம்.

முதல் குடும்பம் பாதை பார்ப்பது. உங்கள் படை நிற்கும் கட்டத்திலிருந்து பின்னோக்கி ஒரு கோடு இழுக்கவேண்டும். அது சாலையையோ ரயில் பாதையையோ பிடித்து, உங்கள் துறைமுகத்தையோ கிடங்கையோ சென்று சேரவேண்டும். நடுவில் எதிரி நிற்கக் கூடாது. பல விளையாட்டுகளில் எதிரியின் பக்கத்துக் கட்டத்தில் கால் வைத்தாலே கோடு அறுந்துவிடும். கோடு சேர்ந்தால் படைக்குச் சாப்பாடு உண்டு, இல்லாவிட்டால் பலம் பாதியாகும், நகர்வு குறையும், பிறகு படையே கரையும். இதில் மூட்டை எண்ணும் வேலை இல்லை. பாதை திறந்திருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. எளிமையானது. ஆனால் இந்த ஒரு விதி ஆட்டத்தையே மாற்றிவிடும். எதிரியை அடிக்கத் தேவையில்லை, பின்னால் போய் நின்றால் போதும் என்பது புரிந்த நாளில் சதுரங்கம் ஆடிய பழக்கமெல்லாம் உதவாமல் போய்விடும்.

இரண்டாவது குடும்பம் மூட்டை எண்ணுவது. அண்ணனின் விளையாட்டு இதையும் சேர்த்துக் கேட்கிறது. விநியோகமே ஒரு சில்லாக வரைபடத்தில் கிடக்கும். ஒரு முழுப் புள்ளியை நான்கு டோக்கன்களாக உடைக்கலாம். அதை லாரியில் ஏற்றவேண்டும், இறக்கவேண்டும். லாரி காட்டுக்குள் போகாது. தலைமையகச் சில்லுக்கு ஓர் எண் உண்டு, அத்தனை தூரத்துக்குத்தான் அது பொருளை முன்னே அனுப்பும். தாக்குபவரும் டோக்கன் செலவழிக்கவேண்டும், தற்காப்பவரும் செலவழிக்கவேண்டும். கிடங்கை எதிரி பிடித்தால் அதில் ஒரு பகுதி அவருக்குப் போகலாம். இன்று ஒரு மலைமுகட்டைப் பிடிக்க நான்கு டோக்கன் கொடுத்தால் அடுத்த வாரம் இன்னொரு பிரிவு பட்டினி கிடக்கும். நான் ஆடியது போர் மாதிரியே இல்லை. மாதக் கடைசியில் அம்மா கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

இதில் எல்லை தாண்டிப் போனவர்களும் உண்டு. 1979இல் அமெரிக்காவின் எஸ்பிஐ நிறுவனம் ‘தி கேம்பைன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. வடிவமைத்தவர் ரிச்சர்ட் பெர்க். ஆடி முடிக்க 1,500 மணி நேரம் ஆகும் என்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் வேண்டும். எரிபொருள் ஒவ்வொரு சுற்றிலும் ஆவியாகும், பிரிட்டன் பக்கத்துக்கு இழப்பு கூடுதல். அவர்களுடைய எரிபொருள் கலன்கள் மோசமானவை. இத்தாலியப் படைகளுக்குப் பாஸ்தா வேகவைக்கக் கூடுதல் தண்ணீர் ஒதுக்கவேண்டும் என்றும் ஒரு விதி! உண்மையில் இத்தாலிய வீரர்கள் டப்பாவில் வந்த தக்காளிக் குழம்பிலேயே பாஸ்தாவைச் சமைத்துக்கொண்டார்கள் என்று பெர்க்கே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பாலைவனத்தில் தண்ணீர்க் கணக்கு பார்க்கவைக்க அவர் செய்த குறும்பு என்று எடுத்துக்கொள்ளலாம். அதை ஆட எனக்கு ஆசை இல்லை. எனக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது.

மாமா கடையில் ஒரு பாடம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்தார். தேக்காவில், பஃப்ளோ ரோட்டுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இரண்டு வகை விதிகளையும் அண்ணன் விளக்கினார்.

“இதுக்கு எதுக்குடா புத்தகம்? என் கடைக்கு வா,” என்றார்.

போனேன். விடியற்காலையில் லாரியிலிருந்து வாழை இலைக் கட்டும் கறிவேப்பிலையும் இறங்குவதை நின்று பார்த்தேன். சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது என்று தொடக்கப்பள்ளியிலிருந்தே மனப்பாடம் செய்திருக்கிறோம். தேக்காவில் ஐந்து மணிக்கு நின்றால்தான் அந்த எண்ணுக்கு எடை இருப்பது தெரிகிறது. காய்கறி பாதையை நம்பியது. இரண்டு நாளைக்கு மேல் நிற்காது. 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டைத் தொடங்கியபோது, சரக்கு லாரிகள் வருமா வராதா என்று தெரியாத அந்த ஓர் இரவை மாமா இன்னும் மறக்கவில்லை. லாரிகள் வந்தன. ஆனால் அந்த இரவில் அவர் இழுத்துப் பார்த்தது நாங்கள் மேசையில் இழுக்கும் அதே கோடுதான். கடை, உட்லண்ட்ஸ், கடற்பாலம், ஜோகூர்.

அரிசி வேறு கதை. அது இருப்பு. 2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தது. ஒரு பை வாங்குபவர்கள் இரண்டு பை கேட்டார்கள் என்றார் மாமா. ஆனாலும் தட்டு காலியாகவில்லை. இங்கு அரிசி இறக்குமதி செய்பவர்கள் இரண்டு மாத இறக்குமதிக்கு ஈடான அளவை இருப்பில் வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டு மாதம், பேசுவதற்கான அவகாசம். ஆகஸ்டு முடிவதற்குள் சிங்கப்பூருக்கு விலக்கு அளிக்க இந்தியா ஒப்புக்கொண்டது. 50,000 டன் அனுமதிக்கப்பட்டது.

அதாவது, இருப்பு என்பது பாதை அறுந்த பிறகு கையில் மிஞ்சும் நாள்கள். விதிப் புத்தகத்தை இரண்டு முறை படித்தும் விளங்காதது மாமா கடையின் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றபோது விளங்கியது.

நம் ஊரில் அறுந்த கோடு

பாதை அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு நம் ஊரே சான்று. 15 பிப்ரவரி 1942 என்ற தேதியை முழுமைத் தற்காப்பு தினத்தன்று எல்லாருமே கேட்டு வளர்ந்தோம். பள்ளியில் எனக்குப் பதிந்தது, பீரங்கிகள் தவறான பக்கம் பார்த்தன என்ற கதைதான். விநியோகக் கண்ணோடு படித்தால் வேறொரு கதை தெரிகிறது.

ஜனவரி 31ஆம் தேதி பிரிட்டிஷ் படைகள் தீவுக்குள் பின்வாங்கிக் கடற்பாலத்தை வெடிவைத்து உடைத்தன. அதே பாலத்தின் மேல்தான் ஜோகூரிலிருந்து தண்ணீர்க் குழாய் வந்துகொண்டிருந்தது. எதிரியின் பாதையை அறுத்த கையோடு நகரம் தன் பாதையையும் அறுத்துக்கொண்டது. பிறகு மிஞ்சியது தீவின் நடுவிலுள்ள நீர்த்தேக்கங்கள். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அவையும் ஜப்பானியர் கைக்குப் போயின. தண்ணீர் ஓரளவு வந்துகொண்டிருந்தாலும், குண்டுவீச்சில் உடைந்த குழாய்களிலிருந்து பெரும்பகுதி தெருவில் ஓடியது. நகரில் அகதிகளையும் சேர்த்து ஏறத்தாழப் பத்து லட்சம் பேர். 15ஆம் தேதி காலை ஃபோர்ட் கேனிங் நிலவறையில் பெர்சிவலும் தளபதிகளும் கூடியபோது மேசையில் இருந்தவை தண்ணீர், பெட்ரோல், குண்டுகள், உணவு பற்றிய கணக்குகள். அன்று மாலை புக்கிட் தீமாவிலுள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் சரணடைந்தார்கள்.

இதில் அதிகம் பேசப்படாத பாதி ஒன்று உண்டு. யமாஷிட்டாவின் நிலையும் நன்றாக இல்லை. தீவில் அவரிடம் இருந்தவர்கள் சுமார் 30,000 பேர். எதிரில் 80,000க்கும் மேல். மலாயா முழுவதும் சைக்கிளில் இறங்கிவந்த அவர் படை, வழியில் பிரிட்டிஷார் விட்டுச்சென்ற உணவையும் எரிபொருளையும் வைத்தே பெருமளவு சமாளித்தது. பீரங்கிக் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன. தெருச் சண்டை நீண்டால் தோற்றுவிடுவோம் என்று பயந்து, பலம் இருப்பதுபோல் பாசாங்கு செய்ததாக அவரே பின்னர் எழுதினார். எதிரியின் டோக்கன்களை எண்ணமுடிந்திருந்தால் பெர்சிவல் என்ன முடிவெடுத்திருப்பார் என்று அண்ணனும் நானும் ஓர் இரவு முழுக்க வாதாடினோம். தண்ணீர் இல்லாத நகரத்தில் அது தெரிந்தும் பயனில்லை என்பது என் கட்சி.

இம்பாலில் என் தோல்வி

எதிரியின் கிடங்கில் சாப்பிட்டு ஜெயித்த அந்த வழி, இரண்டு ஆண்டுகள் கழித்து பர்மாவில் ஜப்பானியப் படையைக் கொன்றது. என் முதல் ஆட்டம் எவ்வளவு ‘உண்மையாக’ இருந்தது என்பது பிறகு நூலகத்தில் படித்தபோதுதான் தெரிந்தது.

1944 மார்ச்சில் தளபதி முட்டாகுச்சி மூன்று டிவிஷன்களை இம்பால், கோஹிமா நோக்கி அனுப்பினார். ஒவ்வொரு வீரரும் சுமந்தது சுமார் மூன்று வாரச் சாப்பாடு. கூடவே ஆயிரக்கணக்கில் மாடுகளை ஓட்டிப் போனார்கள். சுமக்கவும் செய்யும், கடைசியில் கறியாகவும் ஆகும் என்பது திட்டம். நிறைய மாடுகள் சிந்துவின் ஆற்றிலேயே அடித்துச் செல்லப்பட்டன. மூன்று வாரத்துக்குள் இம்பாலின் கிடங்குகளைப் பிடித்துவிட்டால் சாப்பாடு அங்கே இருக்கும். பிடிக்காவிட்டால்? அதற்குத் திட்டம் இல்லை. நானும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தேன்!

மார்ச் இறுதியில் இம்பாலுக்கான சாலை அறுந்தது. பாதை பார்க்கும் விதிப்படி பிரிட்டிஷ் இந்தியப் படை அழிந்திருக்கவேண்டும். ஆனால் அவர்களிடம் விமானங்கள் இருந்தன. ஜூன் 22ஆம் தேதி சாலை மீண்டும் திறக்கும்வரை 18,000 டன்னுக்கும் அதிகமான பொருள் வானத்திலிருந்து வந்தது. இன்னொன்றும் செய்தார்கள். சண்டையிடாத பல்லாயிரம் பேரை அதே விமானங்களில் வெளியே அனுப்பினார்கள். வரும் அரிசியைக் கூட்டமுடியாதபோது சாப்பிடும் வாய்களைக் குறைப்பதும் விநியோகம்தான். கோஹிமாவில் ஜப்பானிய டிவிஷனுக்குத் தலைமை தாங்கிய சாட்டோ, பொருள் வரவேயில்லை என்று சொல்லி, மேலிடத்தின் அனுமதி இல்லாமலேயே மே 31இல் பின்வாங்கத் தொடங்கினார். பதவி பறிக்கப்பட்டது. அதற்குள் பருவமழை பிடித்துக்கொண்டது. திரும்பும் வழியில் செத்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது பசியும் நோயும்.

அவர்களோடு இந்தியத் தேசிய ராணுவமும் போயிருந்தது. 1943 ஜூலையில் நம் பாடாங்கில் சுபாஷ் சந்திர போஸ் முன்னிலையில் அணிவகுத்த படை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழ் இளையர்கள் அதில் ஏராளம். ஜப்பானியருக்கே அரிசி இல்லாதபோது அவர்களை நம்பிப் போனவர்களின் நிலையை நான் விவரிக்கத் தேவையில்லை.

ஓரத்துக்கு அப்பால்

இரண்டாவது ஆட்டத்தில் நான் கவனமாக இருந்தேன். சுற்றின் தொடக்கத்தில் பகடை உருட்டி, அட்டவணையைப் பார்த்து, வந்த விநியோகப் புள்ளிகளை வரைபடத்தின் என் பக்கத்து ஓரத்தில் வைப்பேன். சில முறை ஒன்றும் வராது, சில முறை மூன்று வரும். மூன்று வந்த ஒரு சனிக்கிழமை, சும்மா கேட்டேன்.

“இது எங்கிருந்து வருது?”

“ரங்கூன் பக்கத்துலேர்ந்து.”

“ரங்கூனுக்கு?”

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். “முதல்ல கப்பல். அப்புறம்… சயாம் ரயில்.”

நாங்கள் இருவரும் சோபாவைப் பார்த்தோம். பாட்டி வசந்தத்தில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டிக்கு வயது 85. பிறந்தது குளுவாங்கிற்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அவருடைய அப்பா அங்கே பால்மரம் வெட்டியவர். 1943இல் அவரைச் சயாமுக்கு அழைத்துப் போனபோது பாட்டிக்கு மூன்று வயது. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்களாம். ஒரு கம்பளியும் ஒரு பித்தளைச் செம்பும் எடுத்துக்கொண்டு போனார் என்று பாட்டியின் அம்மா சொல்லியிருக்கிறார். கடிதம் வரவில்லை. ஆளும் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்.

அந்த ரயில் பாதையை ஜப்பானியர் போட்டது விநியோகக் காரணத்துக்காகவே. 1942இல் பர்மாவைப் பிடித்தார்கள். ஆனால் மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குக் கப்பல் அனுப்புவது நீர்மூழ்கிகளாலும் விமானங்களாலும் ஆபத்தானது. ஆகவே தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயத்வரை காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டர் பாதை. நாளுக்கு 3,000 டன் போகவேண்டும் என்று முதலில் திட்டமிட்டார்கள். 1943 தொடக்கத்தில் திட்டம் மாறியது. 1,000 டன் போதும், ஆனால் பல மாதம் முன்னதாக முடிக்கவேண்டும். அந்த அவசரம் பருவமழையோடும் காலராவோடும் சேர்ந்து வந்தது. அக்டோபர் 17இல் இரண்டு முனைகளும் சந்தித்தன.

சிங்கப்பூரிலிருந்தும் ஆள்கள் போனார்கள். சாங்கியில் அடைபட்டிருந்த போர்க்கைதிகளில் 7,000 பேர் கொண்ட ‘எஃப் ஃபோர்ஸ்’ 1943 ஏப்ரலில் சரக்குப் பெட்டிகளில் ஏற்றப்பட்டது. பான் போங்கில் இறங்கி 300 கிலோமீட்டர் நடந்தார்கள். 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மொத்தத்தில் அந்தப் பாதையில் வேலைசெய்த போர்க்கைதிகள் 60,000க்கும் அதிகம், இறந்தவர்கள் 12,000க்கும் அதிகம். இவர்களின் பெயர்கள் பதிவாகியுள்ளன. காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் மட்டும் சுமார் 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன.

ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். முதலில் கூலி ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிக் கதவை அடைத்து ஏற்றிப்போன கதைகள் உண்டு. ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. கைதிகளுக்காவது ராணுவ மருத்துவர்களும் பெயர்ப் பட்டியலும் இருந்தன. தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு இரண்டும் இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார். அது எங்கள் வீட்டு அலமாரியில் பல ஆண்டுகளாக இருந்தது. நான் எடுத்துப் படித்ததில்லை.

ஆக, நான் மாலை முழுக்க உருட்டிய பகடையின் பின்னால் அந்தப் பாதை இருக்கிறது. மூன்று வந்ததற்குக் கைதட்டியவள் நான்.

எழுதி மடித்து வைத்த விதி

விளையாட்டை வடிவமைத்தவரைக் குறை சொல்லவில்லை. எல்லா வரைபடத்துக்கும் ஓரம் உண்டு. சண்டை வடபர்மாவில், ரயில் அதற்குத் தெற்கே வெகுதூரத்தில். எங்கேயாவது நிறுத்தித்தான் ஆகவேண்டும். அதோடு, விநியோகத்தையே பொருட்படுத்தாத விளையாட்டுகளைவிட இது நேர்மையானது. இது இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே எனக்கு வந்திருக்காது.

ஆனால் அந்த மூன்று புள்ளிகள் வெறுமனே ‘வந்தன’ என்று இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. புவியியல் இரண்டாம் ஆண்டு மாணவி, அட்டவணை போடத் தெரியும். ஒரு கூடுதல் விதி எழுதினேன். ஆட்டம் தொடங்குமுன் ஜப்பான் பக்கம் ரயில் பாதையின் வேகத்தைத் தேர்வுசெய்யவேண்டும்: மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக. வேகம் கூடினால் சுற்றுக்கு ஒரு புள்ளி கூடுதல். அதற்குத் தக்கபடி தொழிலாளர் சில்லுகள் பெட்டியிலிருந்து நீங்கும். நீங்கிய ஒவ்வொன்றுக்கும் வெற்றிப் புள்ளி குறையும். விலை இருந்தால் யோசிப்பார்கள் என்பது என் எண்ணம்.

சோதித்துப் பார்க்க உட்கார்ந்தோம். பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆறு சில்லு போனால் மூன்று புள்ளி நட்டம். கூடுதல் அரிசியால் கோஹிமாவைப் பிடித்தால் பத்து லாபம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

“வேகம்,” என்றேன்.

அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ஆறு சில்லுகளை எடுத்தார். அவற்றை முந்தின இரவு நானே அட்டையில் வெட்டியிருந்தேன். ஒவ்வொன்றிலும் தலையில் துணி கட்டிய சின்ன உருவம் ஒன்றை பால்பாயிண்டால் வரைந்திருந்தேன்.

விதி தவறில்லை. சரியாக வேலைசெய்தது, அதுதான் சிக்கல். 1943இல் ஏதோ ஓர் அலுவலகத்தில் 3,000 டன்னை 1,000 ஆக்கித் தேதியை முன்னே இழுத்தவர்களும் இப்படிப் பேனாவோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். எண்ணாக்கினால் மதிப்புக் கூடும் என்று நினைத்தேன். எண்ணானதும் செலவழிக்க எளிதாகிவிட்டது. தண்டனையை இரட்டிப்பாக்கலாம் என்றார் அண்ணன். அப்போது ‘நடுத்தரம்’ லாபமாக இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. தாளை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். நாங்கள் பழைய விதிப்படியே ஆடுகிறோம்.

இந்த வகை விளையாட்டை ஆடிப் பார்க்க விரும்புபவர்கள் பர்மாவில் தொடங்காதீர்கள். ஒரே மாலையில் முடியும் சிறிய விளையாட்டு, பாதை மட்டும் பார்க்கும் விதி, அதுவே முதல் முறைக்குப் போதும். விதிப் புத்தகத்தில் சண்டைப் பகுதிக்கு முன்னால் விநியோகப் பகுதியைப் படியுங்கள். எல்லாரும் தலைகீழாகத்தான் படிக்கிறார்கள், நானும் அப்படிப் படித்துத்தான் இம்பாலில் பட்டினி கிடந்தேன்.

போன சனிக்கிழமை பாட்டி எழுந்துவந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்கு இந்தச் சில்லுகள்மீது ஆர்வம் இருந்ததில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

“சயாம் ரோடு இதுல எங்க இருக்கு?”

இதில் இல்லை என்றேன். வரைபடம் முடியும் இடத்தைக் காட்டி, அதற்கும் கீழே, மேசையின் வெறும் பலகையில், அம்மா ஊறுகாய்ப் பாட்டிலும் தண்ணீர்க் கூஜாவும் வைத்திருக்கும் பக்கமாகக் கையை நீட்டினேன். தோராயமாக அங்கே வரும் பாட்டி, என்றேன்.

பாட்டி கூஜாவைக் கொஞ்சம் தள்ளிவைத்தார். அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, “உங்க ஆட்டத்த ஆடுங்க,” என்று சொல்லிவிட்டு சோபாவுக்குப் போனார்.

என் முறை. பகடையை உருட்டினேன். இரண்டு வந்தது.